காசை எங்கே வைப்பது?

பள்ளிக்கூட உபாத்தியாயர் என்றால் உலகத்து விஷயம் அத்தனையும் தெரிந்தவர் என்று நம்புகிற நல்லவர்கள் இன்னும் சிலர் இருக்கத்தான் இருக்கிறார்கள். சென்ற மாதம் அப்படி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய பிள்ளை என்னிடம் பௌதிகம் படிக்கிறான். மார்க்கைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி, நான் முகத்தைச் சற்றுக் கடுமையாக வைத்துக்கொண்டேன். அவரோ பிள்ளையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"ஸார்! எல்.பி. இசைத்தட்டுக் கேட்பதற்கு முதல் தரமான டர்ன்டேபிள் ஒன்று வாங்குவதாக இருக்கிறேன். சில லட்ச ரூபாய் செலவானாலும் பாதகமில்லை. லின் நல்லதா, ரீகா நல்லதா, டெக்னிக்ஸ் நல்லதா? நீங்கள் பௌதிக வாத்தியார். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார்.

கடுமையாக வைத்திருந்த முகத்தை நான் மெதுவாக இளக்கிக்கொண்டேன். ஏனெனில், இந்த அவஸ்தையை ஒரு வருஷத்துக்கு முன்பே முழுதும் பட்டுத் தீர்த்தவன் நான். அவரிடம் சொன்னதை வாசகர்களிடமும் சொல்லி வைத்தால், இதே தர்மசங்கடத்தில் இருக்கும் வேறு யாருக்காவது உபயோகப்படலாம்.

நாலணா வைத்தியம்

எங்கள் வீட்டில் இரண்டு மரப்பெட்டிகள் நிறைய இசைத்தட்டுகள் உண்டு. என் தகப்பனார் வாலிபத்தில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. 1963ல் வெளிவந்த ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம் அதில் இருக்கிறது. 1966ல் ஐக்கிய நாடுகள் சபையில் அவர் செய்த கச்சேரியின் தட்டு இருக்கிறது. வீணை, நாகஸ்வரம், புல்லாங்குழல் எல்லாம் இருக்கின்றன. இவற்றுள் ஒரு தட்டில் ஒரு தோடி ஆலாபனை உண்டு. அப்பாவுக்கு அது உயிர்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அந்தத் தட்டு ஓர் இடத்தில் குதிக்க ஆரம்பித்தது. முள் முன்னால் போகாமல் பாடியதையே திரும்பத் திரும்பப் பாடியது. அப்பா ஆபீஸுக்குப் போயிருந்த சமயம், நான் முள்ளைத் தாங்கும் கையின் தலைமேல் ஒரு நாலணாக் காசை வைத்தேன். உடனே குதிப்பது நின்றுவிட்டது! பெரிய யந்திர சாஸ்திரி ஆகிவிட்டதாக எண்ணி, அந்தக் கோடை விடுமுறை முழுவதும் காசை வைத்தே தட்டைப் போட்டுக் கேட்டேன்.

அந்தக் காசின் எடை ஏறக்குறைய மூன்று கிராம். நல்ல முள் ஒன்று தட்டை அழுத்த வேண்டிய மொத்த எடையே இரண்டு கிராம் சுமார்தான் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதற்குள் தோடியின் அந்தக் காந்தாரம் 'கறகற'வென்று உதிர்ந்து போயிருந்தது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஆகவே, முப்பது வருஷத்துக்குப் பின் நான் நல்ல யந்திரம் தேடிப் புறப்பட்டதில் பிராயச்சித்தமும் கொஞ்சம் கலந்திருந்தது.

சாலும் கொழுவும்

முதலில், இந்த யந்திரம் செய்யவேண்டிய வேலை என்ன என்பதைப் பார்த்துவிடுவோம்.

எல்.பி. தட்டை 1948ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியார் வெளியிட்டார்கள். அது நிமிஷத்துக்கு 33⅓ தடவை சுற்றுகிறது. அதாவது, ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. ஒரு பக்கம் இருபது நிமிஷம் பாடினால் 667 சுற்று ஆகிறது. அந்தப் பக்கத்தில் உள்ள சாலை நீட்டிப் பிடித்தால் நானூறு மீட்டருக்கு மேல் வரும். ஏர் உழுத சாலைப் போன்ற அந்தப் பள்ளத்தின் அகலமோ ஒரு தலைமயிர்ப் பருமன்தான். அதன் இரு கரைகளிலும் இடது பக்கத்து ஒலி ஒன்றும், வலது பக்கத்து ஒலி ஒன்றுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆலன் புளும்லைன் என்பவர் 1931ல் கண்ட வழி அது. அந்தச் சாலில் வைர நுனியுள்ள முள் கொழுவைப்போல் நடந்து போகிறது. தட்டின் விளிம்பில் அது வினாடிக்கு அரை மீட்டர் நடக்கிறது. உள்ளே போகப்போக, கடைசியில் வினாடிக்கு இருபது சென்டிமீட்டர்தான்.

ஆக, யந்திரத்தின் கடமைகள் மூன்று. தட்டை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். சாலில் உள்ள அசைவைத் தவிர வேறு எந்த அதிர்வும் முள்ளை எட்டாமல் தடுக்க வேண்டும். முள்ளைச் சாலுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால், முன்னோர் பாடிய பிரம்மத்தைப்போல, இந்த எளிய விஷயத்தை அடைவதற்கு மார்க்கங்கள் பல.

மூன்று மார்க்கங்கள்

முதல் மார்க்கம் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தது. அங்கே ஐவர் டீஃபென்புரூன் என்பவர் 1973ல் லின் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய ஸோண்டெக் எல்.பி. 12 இன்றைக்கும் விற்பனையாகிறது. அந்தக் காலத்தில், ஸ்பீக்கர் நன்றாயிருந்தால் போதும், சங்கீதம் நன்றாயிருக்கும் என்பதே ரசிகர்களின் எண்ணம். டீஃபென்புரூன் அதை மறுத்தார். தட்டிலிருந்து முள் எடுக்கத் தவறியதை எந்த ஸ்பீக்கராலும் உண்டாக்க முடியாது என்று அவர் வாதித்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இந்த நியாயம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு எந்நாளும் தெரிந்ததே.

லின் யந்திரத்துக்குப் பெரிய பயம், வெளியிலிருந்து வரும் அதிர்வு. அதனால் தட்டையும் கையையும் ஒரு சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்குகளின்மேல் ஊஞ்சல்போல் விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்ற நிபுணர் 1961லேயே இந்த யுக்தியைக் கையாண்டிருந்தார். மோட்டார் தனியே நிற்கிறது. ஒரு பெல்ட் மட்டும் தட்டைச் சுற்றுகிறது. இதில் ஒரு விசேஷம்: ஆதியில் வாங்கிய யந்திரத்தை எறியாமல், அதன் அங்கங்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பழைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்கிற மாதிரி. சௌகரியந்தான், ஆனால் கும்பாபிஷேகச் செலவுக்கு எல்லை இல்லை. ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்காக 2023ல் 250 யந்திரங்கள் மட்டும் விசேஷமாகச் செய்தார்கள். ஒன்றின் விலை 50,000 பவுன்.

இரண்டாவது மார்க்கம் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் பிறந்தது. அதே 1973ல் டோனி ரெல்ஃப், ராய் காண்டி என்ற இருவர் கூட்டாக ஆரம்பித்ததால் கம்பெனிக்கு ரீகா என்று பெயர். இவர்களுக்குப் பயம் கனத்தின்மேல். கனமான பொருள் அதிர்வை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாகத் திருப்பிக் கொடுக்கும் என்பது இவர்களுடைய சித்தாந்தம். கடன் வாங்கியவர்களிடம் நாம் காணும் குணம்தான். ஆகவே, பீடம் லேசாகவும் விறைப்பாகவும் இருக்கவேண்டும் என்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில் வந்த பிளேனார் 3 என்ற யந்திரத்தில், கண்ணாடித் தட்டு ஒன்று மெல்லிய பலகையின்மேல் சுழன்றது. 1983ல், அலுமினியத்தை ஒரே வார்ப்பாக வார்த்து ஆர்.பி. 300 என்ற கையைச் செய்தார்கள். அது சொற்ப விலையில் கிடைத்ததால், மற்றக் கம்பெனிகளும் வாங்கித் தங்கள் யந்திரங்களில் பூட்டிக்கொண்டன. இப்போது இவர்களுடைய உயர்ந்த ரகங்களில் பீங்கான் தட்டும், கரி நாரினால் ஆன சட்டமும் வந்துவிட்டன. சித்தாந்தம் மட்டும் மாறவில்லை.

மூன்றாவது மார்க்கம் ஜப்பானில் ஒஸாகாவைச் சேர்ந்த மட்ஸுஷிடா கம்பெனியாருடையது. டெக்னிக்ஸ் என்பது அவர்கள் வைத்த பெயர். பெல்ட் எதற்கு என்று இவர்கள் கேட்டார்கள். 1970ல் எஸ்.பி. 10 என்ற யந்திரத்தில் மோட்டாரின் அச்சையே தட்டின் அச்சாக்கினார்கள். 1972ல் எஸ்.எல். 1200 வந்தது. 1979ல் வந்த அதன் இரண்டாவது ரகத்தில், ஸ்படிகக் கடிகாரம் ஒன்று வேகத்தைக் கண்காணித்தது. இவர்களுடைய பயமெல்லாம் வேகம் தவறுவதைப் பற்றித்தான். இந்த யந்திரத்துக்கு நேர்ந்த கதி விசித்திரமானது. வீட்டில் அமைதியாக இருந்து சங்கீதம் கேட்பவர்களுக்காகச் செய்ததை, நடன விடுதிகளில் தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து விளையாடும் இளைஞர்கள் உலகெங்கும் கைப்பற்றிக்கொண்டார்கள். அத்தனை இம்சையையும் அது பொறுத்துக்கொண்டது. ஆனால் அதனாலேயே "இது ரசிகர்களுக்கு உகந்ததல்ல" என்ற அபவாதமும் வந்தது. 2010ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 2016ல், மோட்டாரை அடியோடு புதிதாக அமைத்து, 4,000 டாலர் விலையில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். அந்த உயர்ந்த ரகத்தின் கனம் 18 கிலோ. வேகத்தின் ஏற்ற இறக்கம் 0.025 சதவீதம் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

கனம் வேண்டாம் என்பவர் ஒருவர். 18 கிலோ என்பவர் ஒருவர். ஊஞ்சல் கட்டுகிறவர் ஒருவர். அசையாதே என்கிறவர் ஒருவர். மூவரும் முட்டாள்களாக இருக்க முடியாது. மூவரும் வேறு வேறு திருடனுக்குப் பயந்து வேறு வேறு கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பதே உண்மை.

பெண் பார்க்கும் படலம்

சாஸ்திரம் தெரிந்துவிட்டால் போதுமா? காதினால் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும் அல்லவா? முதலில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு யந்திரத்தில் ஒரு தட்டைப் போட்டார். பிறகு அதைவிட விலையுயர்ந்ததில் வேறொரு தட்டைப் போட்டார். "வித்தியாசம் தெரிகிறதல்லவா?" என்றார். தெரிந்தது. முதலாவதில் சாதாரண முள். இரண்டாவதில் அதைப்போல் எட்டு மடங்கு விலையுள்ள முள். போதாததற்குச் சத்தத்தையும் சிறிது தூக்கி வைத்திருந்தார். ஒரு பெண்ணை விளக்கெண்ணெய் விளக்கிலும், இன்னொரு பெண்ணைப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் காட்டினால் எப்படி? நான் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு, சென்னையில் என் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். அவரிடம் லின் ஒன்றும் டெக்னிக்ஸ் ஒன்றும் இருந்தன. மூன்றாவதாக ஒரு பழைய யந்திரமும் இருந்தது. அதன் பெயர் வேண்டாம். மூன்றிலும் ஒரே மாதிரி முள்ளைப் பொருத்தி, சத்தத்தையும் ஒரே அளவில் நிறுத்தினோம். என் மனைவி சிறு வயதில் வீணை கற்றவள். அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, பாட்டுத் தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தை மூன்று யந்திரங்களிலும் மாற்றி மாற்றிப் போட்டோம்.

வேகத்தைச் சோதிக்கத் தம்புராவைப்போல் வேறு கருவி கிடையாது. தட்டுத்தடாலென்று அடிக்கும் வாத்தியங்களில் தவறு மறைந்துவிடும். நீண்டு நிற்கும் கார்வையில் மறையாது. ஸட்ஜத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் உள்ள தூரமே வேகத்தில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். அரை சதவீதம் ஆடினாலே பயின்ற காது முகம் சுளிக்கும்.

மூன்றாவது யந்திரம் வந்த ஒவ்வொரு தடவையும் அவள், "இதில் தம்புராவுக்கு ஜுரம் வந்திருக்கிறது" என்றாள். பார்த்தால், அதன் பெல்ட் தளர்ந்து போயிருந்தது. மற்ற இரண்டுக்கும் அவளால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. யந்திரச் சொந்தக்காரரான சிநேகிதர் மட்டும், எது எது என்பது தமக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் சுவரைப் பார்த்து உட்கார வைத்தோம். அப்புறம் அவர் காபி கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

அன்று இன்னொரு பாடமும் கற்றேன். ஒரு தட்டு மட்டும் மூன்று யந்திரங்களிலும் ஒரே மாதிரி ஆடியது. துவாரம் நடுமையத்தில் இல்லாமல் சிறிது விலகி விழுந்திருந்ததே காரணம். மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால், தட்டின் நடுப்பகுதியில் சுருதி ஒவ்வொரு 1.8 வினாடிக்கும் அரை சதவீதம் மேலும் கீழும் போகும். யந்திரத்தின் தவறோ 0.025 சதவீதம். அதாவது, தட்டுச் செய்தவன் விட்ட பிழைக்கு முன்னால் யந்திரத்தின் பிழை கடுகு. ஜப்பானில் நாகமிச்சி கம்பெனியார் 1980களின் தொடக்கத்தில், துவாரத்தின் கோணலைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் யந்திரம் ஒன்று செய்தார்கள். மற்றவை எதுவும், எத்தனை லட்சம் கொடுத்தாலும், அந்தக் கோணலை நிமிர்த்தா.

கோணமானியின் பெருமை

அப்படியானால் காசை எங்கே வைப்பது? என் அபிப்பிராயத்தில், முள்ளில் தொடங்க வேண்டும். தட்டைத் தொடுகிற பொருள் அது ஒன்றுதான். வைரமாக இருந்தாலும், 500 முதல் 1,000 மணி நேரத்துக்குள் அது தேய்ந்துவிடும். தேய்ந்த முள் பாடுவதில்லை, செதுக்குகிறது. யந்திரம் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். அப்பாவின் தோடியை எந்தக் கடையில் வாங்குவது?

இரண்டாவது, முள்ளை நேராக நிறுத்துவது. இதற்குக் காசு வேண்டாம். ஒரு மணி நேரப் பொறுமை வேண்டும். தட்டுச் செதுக்கிய உளி விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் போனது. நம் யந்திரத்தின் கையோ ஒரு முனையில் பூட்டப்பட்டு வில்லாக வளைந்து போகிறது. ஆகையால், முள் சாலுக்குச் சரியாக நேர்ப்பட்டு நிற்பது இரண்டே இடங்களில்தான். அந்த இடங்கள் எங்கே இருந்தால் மொத்தத் தவறு குறையும் என்பதை, சுவீடன் தேசத்து எரிக் லோஃப்கிரென் 1938ல் கணக்கிட்டார். அவர் காட்டிய வழியில் இன்று பலரும் கொள்ளும் அளவு, மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரும் 121 மில்லிமீட்டரும். இதைக் காகிதத்தில் வரைந்து பொருத்துவது பத்தாம் வகுப்பு ஜியோமிதி. "இதெல்லாம் எதற்கு ஸார் படிக்க வேண்டும்?" என்று கேட்கும் பையன்களுக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது.

மூன்றாவது, யந்திரம் நிற்கும் இடம். சுவரில் உறுதியாக அடித்த பலகை ஒன்று பல ஆயிரம் ரூபாய்க்குச் சமானம். தட்டுகளைத் தூசி போகத் துடைத்து, வெயில் படாத இடத்தில் செங்குத்தாக வைப்பதும் இதோடு சேர்ந்ததே. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் போதும், தட்டு அப்பளமாகிவிடும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் யந்திரம். அங்கே கேட்கவேண்டிய கேள்வி, உலகத்தில் எது உயர்ந்தது என்பதல்ல; நம் வீட்டில் எந்தத் திருடன் உலாவுகிறான் என்பதே. ஸ்பிரிங்கைச் சுருதி சேர்க்கத் தெரிந்த கைத்தேர்ந்தவர் பக்கத்து ஊரில் இருந்தால், லின் தலைமுறைக்கும் உழைக்கும். காசு சேரச் சேர அதுவும் வளரும். செலவைச் சுருக்கி, மிச்சத்தை முள்ளில் போட எண்ணுகிறவருக்கு, சுவர்ப்பலகையின்மேல் ரீகா இருக்கட்டும். பழுது பார்ப்பவர் எட்டாத ஊரில் இருப்பவருக்கும், பெல்ட்டு மாற்றுவதே பெரும்பாடு என்பவருக்கும், தம்புராவின் சுருதியே பிரதானம் என்பவருக்கும் டெக்னிக்ஸ் பொருத்தம். நான் மூன்றாவது ஜாதி. 18 கிலோ ரகத்துக்கு என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. அதற்குத் தம்பியான ரகத்தை வாங்கி, மீதியைக் கொண்டு, மெல்லிய ரேகைபோல் நுனி செதுக்கிய வைர முள் ஒன்று வாங்கினேன். பழைய உருண்டை முள் தேய்த்த இடத்தை விட்டுவிட்டு, கரையின் வேறு பாகத்தை இத்தகைய முள் தொடக்கூடும் என்று படித்திருந்தேன். அதில் எனக்கு ஒரு சுயநலம் இருந்தது.

காந்தாரம்

யந்திரம் வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தோடியைப் போட்டேன். அந்த இடம் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. காந்தாரம் வந்தது. கறகறப்பு முற்றும் போய்விடவில்லை. ஆனால், முன்பு அதற்கு அடியில் புதைந்து கிடந்த கமகம், முப்பது வருஷத்துக்குப் பிறகு தலையை வெளியே நீட்டியது. தூரத்தில் மழை பெய்யும்போது யாரோ பாடுவதுபோல் கேட்டது.

அப்பா கண்ணைத் திறக்காமலே, "இங்கேதானே அந்த நாலணாவை வைத்தாய்?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அன்றைக்குச் சாயங்காலமே தெரியும். காசை எடுக்க மறந்து போய்விட்டாயே! எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் இன்னொரு காசு இருந்தது" என்றார்.

"ஏன் கேட்கவில்லை?"

"பத்து வயதுப் பையன் விடுமுறையெல்லாம் உட்கார்ந்து தோடி கேட்கிறான். தட்டுப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, தலையை ஆட்டத் தொடங்கினார்.

மாணவனின் தகப்பனாரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது காபி ஆறிப் போயிருந்தது. அவர் எழுந்து, "அப்படியானால் எதை வாங்கட்டும், ஸார்?" என்று மறுபடியும் கேட்டார்.

"உங்கள் பையனும் கூட உட்கார்ந்து கேட்கிறானா?" என்றேன்.

"கேட்கிறான். அவன்தான் இந்த ஆசையையே கிளப்பியவன்."

"அப்படியானால் மூன்றில் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். முள்ளை மட்டும் நல்லதாக வாங்குங்கள். அவனையே பொருத்தச் சொல்லுங்கள். கோணம் அளக்க நான் சொல்லித் தருகிறேன். மார்க்கும் சிறிது கூடும்" என்றேன்.